மூன்றாந் தளமும் வீடும்

தொல்காப்பியமும் நன்னூலும் கற்பிக்கும் ஒருவனுக்குப் பேஸ்போல் என்னும் பிறநாட்டுப் பந்தாட்டத்தோடு என்ன தொடர்பு என்று எமது கல்லூரி ஆசிரியர் அறையிலே என்னை வினவியோர் பலர். 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதக் கடைசி வாரத்திலே நான் கண் சிவந்து வகுப்புக்கு வந்தமையும், இடைவேளை மணி அடித்தவுடன் கைத்தொலைபேசியைக் காதோடு அணைத்துக்கொண்டு மாமரத்தடிக்கு விரைந்தமையும் அவ்வினாவுக்குக் காரணமாயின. கிரிக்கெற் ஆட்டத்தின் பொருட்டு ஒருவர் இவ்வாறு செய்திருப்பின் எவரும் ஏன் என்று கேட்டிரார். ஓட்டம் எத்தனை என்றே கேட்டிருப்பர். கிரிக்கெற்றும் கடல் கடந்து வந்ததுதான் என்பதை நாம் மறந்து நெடுங்காலமாயிற்று.

நண்பர்களுக்கு அன்று நான் கூறிய விடை மிகச் சுருக்கமானது. "அக்கா பார்க்கிறார், நானும் பார்க்கிறேன்" என்றேன். அவ்விடையை இங்கே சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

என் தமக்கையார் ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவிலே வாழ்கிறார். 1995ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு ஊராகப் பெயர்ந்த காலத்தில், அத்தானும் அவரும் இரு குழந்தைகளோடு வன்னி சென்று, பின்னர் கொழும்பு சென்று, ஈற்றிலே கனடா சேர்ந்தனர். எங்கள் வீட்டின் தெற்கு அறை அவருக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அன்று பூட்டிய அவ்வறையை நான் ஆண்டுக்கு ஒருமுறை தூசு தட்டுவதற்காக மட்டும் திறப்பேன். 2014இல் அத்தான் காலமானார். பிள்ளைகள் இருவரும் வேலைக்குச் சென்று இரவு வெகுநேரம் கழித்தே வீடு திரும்புவர். மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை அக்கா தனியர். அந்த மூன்று மணித்தியாலங்களைப் பேஸ்போல் நிரப்பிற்று.

2019ஆம் ஆண்டு கோடையில் அவரோடு இரண்டு மாதம் தங்கியிருந்தபோது இதனை முதன்முதலாகக் கண்டேன். மாலை விளக்கேற்றித் திருநீறு பூசியபின், ஒரு தட்டிலே வெங்காயமும் கத்தியும் எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன் அமர்வார். ரொறன்ரோவின் அணிக்குப் புளூ ஜேய்ஸ் என்று பெயர். நீலநிறப் பறவை ஒன்றின் பெயர் அது. அவ்வணி அவ்வாண்டு ஆடிய 162 ஆட்டங்களில் 95இல் தோற்றது. அக்கா ஏறத்தாழ அத்தனையையும் பார்த்தார். "தோக்கிறதை ஏன் அக்கா நாள்தோறும் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். "நாளைக்கும் விளையாடுவாங்கள்தானே" என்றார். பெருந்தொகையான ஆட்டங்களை உடைய இந்த விளையாட்டின் இயல்பை இதைவிடச் சுருங்கச் சொல்லுதல் அரிது. பங்குனி முடிவிலிருந்து புரட்டாதி வரை ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் ஆட்டம் உண்டு. ஒரு நாளின் தோல்விக்காக அழுதுகொண்டிருக்க அடுத்த நாள் இடம் கொடாது.

அவ்வாண்டுதான் விளாடிமிர் குவெரேரோ, போ பிஷெற் என்னும் இரு இளைஞர்களும் அவ்வணியிலே அறிமுகமாயினர். குவெரேரோவின் தந்தையாரும் இவ்வாட்டத்திலே பெரும்புகழ் பெற்றவர். அவர் மொன்றியல் அணிக்காக ஆடிய காலத்தில், 1999இல், அந்நகரிலே மகன் பிறந்தார். அந்த மொன்றியல் அணி 2005இல் வாசிங்ரனுக்குப் பெயர்ந்துவிட்டது. ஆகவே பெரிய அணிகள் முப்பதிலே கனடாவுக்கென எஞ்சியது ரொறன்ரோ ஒன்றே. அக்கா குவெரேரோவை "எங்கடை பெடியன்" என்பார். பந்தேந்தும் அலெஹான்ட்ரோ கேர்க் என்னும் மெக்சிக்கோ நாட்டவர் குட்டையும் பருமனுமான உடலுடையவர்; அவர் "குண்டுத்தம்பி". இவ்வாறு பெயரிட்டு அழைத்தபின் அவர்கள் அந்நியர் ஆதல் எங்ஙனம்?

நம் பத்திரிகைகள் இத்தகையோரை இரசிகர் என்றும் அபிமானி என்றும் வேறுபாடின்றி எழுதுகின்றன. இவ்விரு சொற்களும் ஒருபொருள் குறித்தன அல்ல. சுவையை நுகர்பவன் இரசிகன். அவன் இருபக்கத்து ஆட்டத்தையும் நுகரலாம். தனது என்று பற்றுக்கொண்டவன் அபிமானி. அவனுக்குச் சுவையைவிட நோவே மிகுதி. நான் 2019இல் இரசிகனாகவே ஊர் திரும்பினேன். 2025ஆம் ஆண்டின் ஒரு வாரம் என்னை அபிமானியாக்கிற்று.

ஆட்டத்தை அறியாத வாசகர்க்குச் சில சொல்லவேண்டும். நம் பாடசாலை மைதானங்களிலே எல்லே ஆடியோர்க்கு இது விளங்குதல் எளிது. ஒரு பக்கத்தார் பந்தை எறிந்து தடுப்பர். மறுபக்கத்தார் ஒருவர் பின் ஒருவராக மட்டையோடு வருவர். மைதானத்தின் மூலையிலே சாய்சதுரமாக நான்கு தளங்கள். அடித்தவன் முதலாந் தளம், இரண்டாந் தளம், மூன்றாந் தளம் ஆகியவற்றைத் தொட்டு, தான் புறப்பட்ட நான்காவது இடத்துக்கு மீண்டால் ஓர் ஓட்டம். அந்த நான்காவது இடத்தின் பெயர் வீடு. பந்தை எத்துணைத் தொலைவு அடித்தான் என்பதற்கு மதிப்பெண் இல்லை. வீடு திரும்பினானா என்பதே கணக்கு. மூவர் ஆட்டமிழந்தால் பக்கங்கள் மாறும். இருபக்கத்தாரும் ஒவ்வொரு முறை ஆடினால் ஒரு சுற்று; ஒன்பது சுற்று ஓர் ஆட்டம்.

இந்நான்கு தளங்களையும் என் மாணவர்க்கு விளக்க நேர்ந்தபோது, அறம், பொருள், இன்பம், வீடு என்று பெயரிட்டேன். வகுப்பிலே நகை எழுந்தது. ஆயினும் ஒருவரும் வரிசையை மறக்கவில்லை. மூன்றாந் தளமாகிய இன்பத்திலே நின்று, வீட்டைக் கண்ணெதிரே கண்டுகொண்டு, அதை அடையாமலே சுற்று முடிந்து திரும்புவோர் பலர் இவ்வாட்டத்திலே உளர். அவர்களையும் இவ்வாட்டத்தின் கணக்கர் விடுவதில்லை. "தளத்தில் எஞ்சினோர்" என்று தொகை எழுதுவர். ஓட்டம், அடி என்பவற்றோடு பிழை என்றும் ஒரு நிரல் உண்டு. எவர் கைதவறினார் என்பது மைதானத்துப் பலகையிலேயே எண்ணாக எழுதப்படும். தன் ஆட்டத்தை இழந்து, முன்னே நிற்பவனை ஒரு தளம் நகர்த்துவதற்காகவே பந்தை மெல்லத் தட்டிக் கொடுப்பவனும் உண்டு. அதற்குத் தியாகம் என்றே பெயர். தோற்ற முயற்சிகளின் தொகையிலே அது சேர்க்கப்படுவதில்லை. இத்தகைய நுணுக்கமான அறக்கணக்கு வேறு ஆட்டங்களில் இருப்பதாக நான் அறியேன். சதுரக் கொப்பி ஒன்றிலே நானும் இக்கணக்கை எழுதப் பழகினேன்.

இன்னும் ஒன்று. எறிபவர் பந்தை இத்தனை விநாடிக்குள் எறியவேண்டும் என்று 2023 முதல் ஒரு கடிகாரம் வைத்துள்ளனர். ஆட்டத்துக்கோ கடிகாரம் இல்லை. முன்னே நிற்கும் அணி நேரத்தைக் கடத்தி வெல்லுதல் இயலாது; எதிரியின் கடைசி ஆளையும் ஆட்டமிழக்கச் செய்தே தீரவேண்டும். தோற்பவனுக்கு உரிய வாய்ப்பை எவரும் பறிக்க முடியாது என்பதே இவ்விதியின் பொருள். ரொறன்ரோ அபிமானிகளை அவ்வாரம் வதைத்ததும் இதே விதிதான்.

இறுதிப் போட்டிக்கு உலகத் தொடர் என்று பெயர். அமெரிக்க நாட்டு அணிகளும் ஒரேயொரு கனடா அணியும் ஆடும் தொடருக்கு உலகப் பெயர் சற்றுப் பெரிதுதான். ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவர் வெற்றியாளர். ரொறன்ரோ 1992இலும் 1993இலும் வாகை சூடியது. அதன் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் அந்த வாயிலை எட்டவில்லை. எதிரே நின்ற லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணியோ முந்திய ஆண்டின் வெற்றியாளர், பெரும்பொருள் படைத்தவர். ஆட்டங்கள் அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். அஃது இங்கே மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணி. இருநாட்டுக்கும் அப்பொழுது ஒன்பதரை மணித்தியால வேறுபாடு.

ஒக்ரோபர் 25, சனிக்கிழமை விடியல். முதலாம் ஆட்டம். ஆறாம் சுற்றிலே ரொறன்ரோ ஒன்பது ஓட்டம் குவித்தது. அச்சுற்றிலே மாற்று ஆளாக மட்டையோடு வந்த அடிசன் பார்ஜர், மூன்று தளங்களிலும் தம்மவர் நிற்கப் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார்; நால்வர் வீடு சேர்ந்தனர். மாற்று ஆளாக வந்த ஒருவர் உலகத் தொடரிலே இவ்வாறு அடித்தது அதுவே முதல்முறை. முந்திய இரவு அவ்விளைஞர் தம் அணித்தோழர் டேவிஸ் ஷ்னைடரின் விடுதி அறையிலே சாய்கதிரையை விரித்துப் படுத்திருந்தார் என்பது மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. 11க்கு 4 என்று வெற்றி. அக்கா தொலைபேசியிலே சிரித்த சிரிப்பு அத்தான் இருந்த காலத்துச் சிரிப்பாக இருந்தது.

ஞாயிறு விடியலில் அச்சிரிப்பு அடங்கிற்று. யொஷினொபு யமமோட்டோ என்னும் யப்பானிய எறிபவர் ஒன்பது சுற்றையும் தாமே எறிந்து முடித்தார். கடைசி இருபது பேரையும் தொடர்ச்சியாக ஆட்டமிழக்கச் செய்தார். 5க்கு 1. இக்காலத்தில் எறிபவர் ஒருவர் ஆட்டம் முழுவதையும் எறிதல் அருமையிலும் அருமை. இவர் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

மூன்றாம் ஆட்டம் லொஸ் ஏஞ்சல்சிலே நடந்தது. இங்கே 28ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. ரொறன்ரோவில் அது கந்தசஷ்டியின் ஆறாம் நாள் இரவு. அக்கா கோயிலிலே சூரன்போர் பார்த்துவிட்டு வந்து, விரதத்தோடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தார். நான் எழுந்து கிணற்றடிக்குப் போகையிலே ஆட்டம் தொடங்கிற்று. கல்லூரிக்குப் புறப்படுகையில் அரைப்பங்கும் முடியவில்லை. ஷொஹெய் ஒட்டானி என்னும் மற்றொரு யப்பானியர், எறிவதிலும் அடிப்பதிலும் ஒப்பற்றவர், ஏழாம் சுற்றிலே தமது இரண்டாவது ஹோம் ரன்னை அடித்து 5க்கு 5 எனச் சமப்படுத்தினார். அதன் பின் ரொறன்ரோ அவருக்கு அடிக்கத்தக்க பந்தை எறியவே அஞ்சி, வேண்டுமென்றே நான்குமுறை முதலாந் தளத்தை இலவசமாகக் கொடுத்தது. ஒன்பது முறை வந்து ஒன்பது முறையும் தளம் சேர்ந்தார் அவர்.

ஒன்பது சுற்று முடிந்தும் சமநிலை நீங்கவில்லை. பத்தாம் சுற்றிலே ஷ்னைடர் வீடு நோக்கி ஓடி வருகையில், மூலையிலிருந்து கைமாறி வந்த பந்து அவரை முந்திக்கொண்டது. வகுப்பிலே நான் அன்று கற்பித்தது புறத்திணை. உழிஞையார் மதிலை முற்றுகையிடுதலும் நொச்சியார் உள்நின்று காத்தலும். இடைவேளையிலே மாமரத்தடிக்குச் சென்று கேட்டேன், முற்றுகை தொடர்ந்தது. மீண்டும் வகுப்பு. டொட்ஜர்ஸ் அணியிலே எறிபவர் அனைவரும் தீர்ந்து, வரிசையிலே கடைசியாக எஞ்சிய வில் கிளைன் என்பவர் வந்தார். அதிகம் அறியப்படாத அவ்விளைஞர் நான்கு சுற்று ஓட்டம் கொடாது காத்தார். பதினெட்டாம் சுற்றிலே பிரெடி பிறீமன் அடித்த பந்து வேலியைத் தாண்டிற்று. 6க்கு 5. ஆறு மணித்தியாலம் முப்பத்தொன்பது நிமிடம். இங்கே நண்பகல் கடந்து பன்னிரண்டு இருபது. ரொறன்ரோவில் அதிகாலை மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

உலகத் தொடரிலே இதனோடு ஒத்த நீளமுடைய பதினெட்டுச் சுற்று ஆட்டம் முன்னர் ஒன்றே நடந்தது. அது 2018இல், இதே மைதானத்திலே. அதிலும் வென்றவர் டொட்ஜர்சே.

இத்தகைய தோல்விக்குப் பின் ஓர் அணி எழுந்து நிற்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. பதினெட்டு மணித்தியாலம் கழியுமுன் அடுத்த ஆட்டம். முதல்நாள் ஒன்பதுமுறை தளமேறிய ஒட்டானியே அன்று எறிபவராக நின்றார். மூன்றாம் சுற்றிலே அவர் எறிந்த பந்தை எங்கள் குவெரேரோ வேலிக்கு அப்பால் அனுப்பினார். 6க்கு 2. அன்று மாலை நான் அக்காவோடு நீண்டநேரம் பேசினேன். மாதம் ஒருமுறை பேசுகின்ற நாங்கள் அவ்வாரம் நாள்தோறும் பேசினோம். முதலிலே ஆட்டம், பின்னர் ஊர், பின்னர் பழைய மனிதர்கள். தெற்கு அறையின் ஓடுகள் இரண்டு இடத்திலே ஒழுகுவதைச் சொல்லி, ஐப்பசி மழை இறுகுமுன் மாற்றட்டுமா என்றும், அவர் அடுத்த ஆண்டாவது வந்து இருப்பாரா என்றும் கேட்டேன். இதே கேள்வியைப் பல ஆண்டாகக் கேட்டு வருகிறேன். "இது முடியட்டும், சொல்லுறன்" என்றார்.

ஐந்தாம் ஆட்டத்தைப் பற்றி நெடிதுரைக்க வேண்டியதில்லை. மகிழ்ச்சியைச் சொல்லச் சில சொற்களே போதும். ஆட்டத்தின் முதற்பந்திலேயே ஷ்னைடர் ஹோம் ரன் அடித்தார். மூன்றாம் பந்திலே குவெரேரோ அடித்தார். ரொறன்ரோவுக்காக எறிந்தவர் றே யெசவேஜ் என்னும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. அவ்வாண்டு வேனிலிலே மிகக் கீழ்ப்படியிலுள்ள அணியொன்றிலே எறிந்துகொண்டிருந்தவர். படிப்படியாக ஏறிப் புரட்டாதியிலேதான் பெரிய அணிக்கு வந்தார். அவர் பன்னிரண்டு பேரைப் பந்து தொடவிடாது ஆட்டமிழக்கச் செய்தார். ஒருவருக்கும் இலவச நடை கொடுக்கவில்லை. 6க்கு 1. மூன்று வெற்றி கைக்கு வந்தது. இன்னும் ஒன்றே வேண்டும். இரண்டு ஆட்டம் மீதி. இரண்டும் சொந்த நகரிலே.

நவம்பர் 1, சனிக்கிழமை விடியல். ஆறாம் ஆட்டம். யமமோட்டோ மீண்டும் எறிந்தார். ஒன்பதாம் சுற்றிலே 3க்கு 1 என்று ரொறன்ரோ பின்னின்றது. குண்டுத்தம்பி பந்து உடலிலே பட்டு முதலாந் தளம் பெற்றார். அவருக்குப் பதிலாக விரைந்தோடும் மைல்ஸ் ஸ்றோ நின்றார். பார்ஜர் அடித்த பந்து மைதானத்தின் எல்லைச் சுவரின் அடியிலே போய்ச் செருகிக்கொண்டது. ஓடிவந்த காவலர் பந்தை எடுக்காமல் இரு கையையும் உயர்த்தினார். பந்து சிக்கினால் ஓடுவோர் அனைவரும் இரண்டு தளமே பெறலாம் என்பது விதி. வீடு சேர்ந்துவிட்ட ஸ்றோவை மூன்றாந் தளத்துக்குத் திருப்பி அனுப்பினர். பந்து சுவரிலே பட்டுத் திரும்பியிருந்தால் 3க்கு 2. அது செருகியமையால் 3க்கு 1. காப்பியப் புலவனொருவன் இதனை ஊழ் என்று பெயரிட்டு ஒரு காதை பாடியிருப்பான்.

ஆயினும் ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. இரண்டாந் தளத்திலும் மூன்றாந் தளத்திலும் ஆட்கள். அடுத்தவர் முதற்பந்தையே மேலே உயர்த்தி அடித்துப் பிடிகொடுத்தார். அவருக்கு அடுத்த அன்ட்ரேஸ் ஹிமேனெஸ் அடித்த பந்து தாழ்ந்து பறந்தது. நிலத்திலே விழும் என்றே தோன்றிற்று. இரண்டாந் தளத்திலிருந்த பார்ஜர் அவ்வாறே எண்ணி முன்னே ஓடினார். கீக்கே ஹெர்னான்டெஸ் பாய்ந்து வந்து பந்தைப் பிடித்து, நிற்காமலே இரண்டாந் தளத்துக்கு எறிந்தார். பார்ஜர் திரும்புமுன் பந்து சேர்ந்தது. ஒரே பந்தில் இருவர். ஆட்டம் முடிந்தது, ஸ்றோ மூன்றாந் தளத்திலேயே நின்றார். அவசரப்பட்டு ஓடினமையே அழிவு என்று அன்று அக்காவிடம் நான் கடிந்துரைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழாம் ஆட்டம். மூன்றாம் சுற்றிலே, முழங்கால் நோவோடு ஆடிய பிஷெற், ஒட்டானி எறிந்த பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி மூன்று ஓட்டம் தந்தார். எட்டாம் சுற்று தொடங்குகையில் 4க்கு 2. அச்சுற்றிலே ஒரு ஹோம் ரன், 4க்கு 3. ஒன்பதாம் சுற்று. டொட்ஜர்சிலே ஒருவர் ஆட்டமிழந்தார். இன்னும் இருவர் ஆட்டமிழந்தால் முப்பத்திரண்டு ஆண்டுக் காத்திருப்பு நிறைவுறும். மட்டையோடு வந்தவர் மிகேல் றோஹஸ். முப்பத்தாறு வயது; தடுப்பதற்காகவே அணியிலே இடம்பெற்றவர்; வலிய அடிக்குப் பெயர்பெற்றவரல்லர். அவர் அடித்த பந்து இடப்புற வேலியைத் தாண்டிற்று. 4க்கு 4. கடிகாரமுடைய ஆட்டமாக இருந்திருந்தால் பந்தை மூலையிலே வைத்து நேரத்தைக் கொன்றிருப்பர் என்று அப்பொழுது எண்ணினேன். எண்ணியதற்காக உடனே நாணினேன்.

அச்சுற்றின் பின்பாதியிலே ரொறன்ரோவின் முறை. மூன்று தளமும் நிறைந்தது; ஆட்டமிழந்தவர் ஒருவரே. மூன்றாந் தளத்திலே, பிஷெற்றுக்கு மாற்றாக ஓடும் ஐசாயா கைனர்-பலெஃபா. அவர் வீடு சேர்ந்தால் எல்லாம் முடிந்தது. எறிபவர் யமமோட்டோ, முதல்நாளிரவு தொண்ணூற்றாறு பந்து எறிந்த அதே கை. டால்ரன் வார்ஷோ அடித்த பந்து நிலத்தோடு றோஹஸிடம் சென்றது. அவர் தடுமாறினார், நிலைகொண்டு வீட்டை நோக்கி எறிந்தார். பந்தை ஏந்திய வில் ஸ்மித்தின் கால் வீட்டுத் தகட்டை விட்டு மெல்ல எழுந்து மீண்டும் படிந்தது. அக்கணத்திலே கைனர்-பலெஃபாவின் பாதமும் வந்தது. நடுவர்கள் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தனர். விரலளவு தூரத்தால் அவர் ஆட்டமிழந்தார். அடுத்த பந்தை எர்னி கிளெமென்ற் நெடுந்தொலைவு அடித்தார். அதையும் அன்டி பாஹெஸ் தம் தோழர்மேல் மோதி விழுந்து பிடித்தார்.

மூன்றாந் தளத்திலே நின்றபோது அவர் ஏன் தளத்தைவிட்டு இன்னும் இரண்டடி முன்னே வந்து நிற்கவில்லை என்பது மறுநாள் உலகெங்கும் வினாவாயிற்று. தாழ்ந்த பந்தைப் பிடித்துத் தளத்துக்கு எறிந்தால் அகப்படலாகாது என்று எச்சரிக்கப்பட்டிருந்தார். முதல்நாள் இரவு அவ்வாறே இழந்த அணி வேறு எவ்வாறு எச்சரிக்கும்?

பதினோராம் சுற்றிலே ஸ்மித்தின் ஹோம் ரன். 5க்கு 4. ரொறன்ரோவின் கடைசி முறையிலே எங்கள் பெடியன் முதலடியிலேயே இரண்டாந் தளம் சேர்ந்தார். கைனர்-பலெஃபா தம்மைத் தியாகம் செய்து அவரை மூன்றாந் தளத்துக்கு நகர்த்தினார். பார்ஜர் இலவச நடை பெற்றார். குண்டுத்தம்பியின் மட்டை முறிந்தது, பந்து உருண்டது, மூக்கி பெற்ஸ் அதை எடுத்து இரண்டாந் தளத்தை மிதித்து முதலாந் தளத்துக்கு எறிந்தார். இருவரும் ஆட்டமிழந்தனர். மொன்றியலிலே பிறந்த குவெரேரோ மூன்றாந் தளத்துக்கு அப்பால், வீட்டுக்கு இப்பால் நின்றார்.

சதுரக் கொப்பியிலே கூட்டிப் பார்த்தேன். ஏழு ஆட்டத்திலும் ரொறன்ரோ 34 ஓட்டம், டொட்ஜர்ஸ் 26. எட்டு ஓட்டம் கூடுதலாக வீடு சேர்ந்த அணி தோற்றது. பிழை எங்கே என்று மீண்டும் கூட்டினேன், கூட்டலிலே பிழையில்லை.

யமமோட்டோவைப் பற்றி ஒரு சொல். ஏழில் மூன்று வெற்றி அவருடையவை; ஆறாம் ஆட்டம் முடிந்த மறுநாளே வந்து ஏழாவதை முடித்துவைத்தவரும் அவரே. பகைவன் மறத்தைப் பாடுதல் நம் புறத்துறைகளிலே பழைமையானது. கடைசிப் பந்து முடிந்தபோது வருணனையாளர் குரலிலே அந்தப் பழைய மரபையே நான் கேட்டேன். எனக்கோ அப்பொழுது அது கசந்தது.

அக்கா சிறிது நேரம் கழித்து அழைத்தார். அங்கே நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு அணித்தாயிருந்தது. அழுதிருந்தார் என்பது குரலிலே தெரிந்தது. நான் கைனர்-பலெஃபாவைக் குறைகூறத் தொடங்கினேன்.

"தம்பி, நேற்று ஓடினது கூடிப்போச்செண்டு பேசினாய். இண்டைக்கு நிண்டது கூடிப்போச்செண்டு பேசுறாய். அந்தப் பிள்ளையள் என்னதான் செய்யிறது?"

எனக்கு விடை வரவில்லை. பின்னர் அவர் தேநீர் வைக்கச் சென்றார். பாத்திர ஒலி கேட்டது. மகன் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும் ஒலியும் கேட்டது. திரும்பி வந்து சொன்னார்:

"தெற்கு அறை ஓட்டை மாத்து. காசு அனுப்புறன். ஆனால் எனக்கெண்டு பூட்டி வையாதை. வன்னியிலையிருந்து உன்ரை பள்ளிக்கூடத்துக்கு வாற பிள்ளையள் ஆரும் இருந்தால் குடு. ஒருத்தருமில்லாமல் கிடந்தால் வளையும் உக்கிப்போம்."

"சரி அக்கா" என்றேன்.

"குவெரேரோவுக்கு இன்னும் பதினாலு வருசத்துக்கு ஒப்பந்தம் இருக்குது, தெரியுமோ?" என்றார். தெரியும் என்றேன். அவ்வாண்டு வேனிலிலே 2026 முதல் பதினான்கு ஆண்டுக்கு அவர் ரொறன்ரோவோடு ஒப்பந்தம் செய்திருந்தார். அவ்வளவு காலத்தையும் கணக்கிட்டுத்தான் அக்கா பேசினார்.

கனடாவிலே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்தள்ளும் இரவு அது. அதிகாலை இரண்டு மணிக்கு அதனைச் செய்யவேண்டும். காலையில் மறந்துபோகும், இப்பொழுதே சுவர் மணிக்கூட்டைத் திருப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா தொலைபேசியை வைத்தார். அன்று முதல் எங்கள் இருவருக்கும் இடையே இருந்த ஒன்பதரை மணித்தியாலம் பத்தரை மணித்தியாலம் ஆயிற்று.